சாவி கொடுக்கும் முன்: சேர்வராயன் மலையும் பழைய இசைப்பெட்டிகளும்

பழைய இசைப்பெட்டியின் உள்ளே முக்கியமானவை நான்கு: சுருட்டிய எஃகு ஸ்பிரிங், முள் பதித்த பித்தளை உருளை, பல் வெட்டிய எஃகுச் சீப்பு, வேகத்தை அடக்கும் சிறு விசிறி. சாவி கொடுத்தால் ஸ்பிரிங் இறுகும். அது அவிழ அவிழ உருளை சுற்றும். உருளையின் முட்கள் சீப்பின் பற்களைத் தூக்கி விடும். விடுபட்ட பல் அதிர்ந்து ஒலிக்கும். நீண்ட பல்லுக்குத் தாழ்ந்த சுருதி, குட்டைப் பல்லுக்கு உயர்ந்த சுருதி. ஒரு சுற்று முடிந்தால் ஒரு பாட்டு முடிந்தது. உடனே உருளை மயிரிழை அளவு பக்கவாட்டில் நகரும். அடுத்த பாட்டுக்கான முட்கள் பற்களுக்கு நேராக வந்து நிற்கும், முந்தைய பாட்டின் முட்கள் பற்களுக்கு இடையே ஒதுங்கிவிடும். ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு பாட்டுகளை ஒரே உருளையில் அடக்கியது இந்த மயிரிழை நகர்வுதான்.

1796-இல் ஜெனீவாவின் கடிகாரக் கலைஞர் அந்துவான் ஃபாவ்ர், சிறு மணிகளுக்குப் பதிலாகச் சுருதி சேர்த்த எஃகு நாக்குகளை வைத்து இசை எழுப்பிக் காட்டினார். மூக்குப்பொடி டப்பாவுக்குள்ளும் சட்டைப்பைக் கடிகாரத்துக்குள்ளும் பாட்டு புகுந்தது அப்படித்தான். பிறகு சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைச் சிற்றூர்களில், குறிப்பாக செயின்ட் குருவாவில், இது குடிசைத் தொழிலாக வளர்ந்தது. உருளையில் ஆயிரக்கணக்கான துளை போட்டு, ஒவ்வொன்றிலும் முள் செருகும் வேலையில் பெண்களின் பங்கு பெரிது. முள் செருகி முடித்த உருளையின் உள்ளே உருக்கிய குங்கிலியக் கலவையை ஊற்றிச் சுழற்றுவார்கள். அது உட்புறம் ஒட்டி இறுகி முட்களைப் பிடித்துக்கொள்ளும். உருளைக்குக் கனம் தந்து ஒலியையும் திருத்தும். கண்ணில் படாத இந்தக் கலவையைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

1880களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் பவுல் லோக்மனின் சிம்போனியன் வந்தது. சில ஆண்டுகளில் பாலிஃபோன் வந்தது. உருளையின் இடத்தை வட்டத் தகடு பிடித்தது. தகட்டை மாற்றினால் பாட்டு மாறும். காசு போட்டால் பாடும் ஆளுயரப் பெட்டிகள் மதுக்கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் நின்றன. இருபதாம் நூற்றாண்டு பிறந்து கிராமபோன் மலிவானதும் இரண்டு வகைக்கும் மவுசு போயிற்று. மனிதக் குரலைத் திருப்பிச் சொல்லும் பெட்டிக்கு முன்னால் சீப்பும் உருளையும் நிற்க முடியவில்லை.

தானே இயங்கும் பொம்மைமேல் இந்த மண்ணுக்கு இருந்த ஆசை ஐரோப்பியரோடு வந்ததல்ல. கொங்குவேளிரின் பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க அனுப்பப்படுவது வீரர்களை உள்ளே ஒளித்து வைத்த இயந்திர யானை. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் அரசி விசயை தப்பிச் செல்வது மயிற்பொறியில். பதினோராம் நூற்றாண்டில் போஜ மன்னன் பெயரில் வழங்கும் சமராங்கண சூத்திரதாரம் என்ற சிற்ப நூலில் இயந்திரங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. இவற்றில் எவ்வளவு கற்பனை, எவ்வளவு கைவேலை என்பது வேறு ஆராய்ச்சி. ஆசை பழையது என்பதில் மட்டும் ஐயமில்லை.

தென்னிந்தியாவில் உருவாகி, கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய வடிவில் இன்றும் மிஞ்சியிருக்கும் இயந்திர வேடிக்கைகளில் தலையாயது திப்புவின் புலி. சேர்வராயன் மலைக்கும் அந்தப் புலிக்கும் ஒரே போர்ப் பின்னணி. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஆனபோது பாரமகாலும் சேலமும் திப்புவின் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. சேலத்தின் தலைமேல் நிற்கும் சேர்வராயன் மலையும் அதோடு போயிற்று. சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன் 1820களில் அந்த மலைமேல் ஏற்காட்டில் காபி பயிரிட்டதும், பங்களாக்களும் தேவாலயங்களும் எழுந்ததும் அந்தக் கைமாற்றத்தின் தொடர்ச்சி. புலி செய்யப்பட்டதும் அதே 1790களில். நாட்டின் பாதியையும் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகவும் கொடுத்துவிட்டு வந்த அரசனின் இசை அறையில் அது இருந்தது.

ஏறக்குறைய 178 சென்டிமீட்டர் நீளமுள்ள மரப்பொம்மை அது. ஐரோப்பியன் ஒருவன் மல்லாந்து கிடக்க, புலி அவன் மேல் ஏறிக் கழுத்தைக் கவ்வுகிறது. பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துருத்திகள் ஊதும். மனிதனின் தொண்டைக்குள் வைத்த குழல் ஓலமிடும். அவன் இடக்கை ஏறி இறங்கும். கை அசையும்போதே ஓலத்தின் சுருதியும் மாறும். புலியின் தலைக்குள் இரண்டு தொனியில் ஒலிக்கும் இன்னொரு குழல் உறுமலைத் தரும். புலியின் விலாவில் ஒரு மூடி. திறந்தால் தந்தத்தாலான 18 கட்டைகள் கொண்ட சிறு ஆர்கன். வயிற்றுக்குள் இரண்டு வரிசைக் குழல்கள். புலியின் உடலில் வரிகளுக்கு ஏற்பத் துளை வெட்டியிருப்பது அலங்காரத்துக்கு மட்டுமல்ல, உள்ளிருக்கும் ஓசை வெளியே வருவதற்கும்தான். தளபதி ஹெக்டர் மன்ரோவின் மகன் 1792 டிசம்பரில் வங்காளத்தின் சாகர் தீவில் புலியிடம் சிக்கி இறந்ததே இதற்குத் தூண்டுதல் என்று சொல்பவர் உண்டு. புலி திப்புவின் அரசச் சின்னம். அந்தச் சாவு நடக்காவிட்டாலும் இப்படியொரு பொம்மையை அவர் செய்யச் சொல்லியிருப்பார் என்றே தோன்றுகிறது.

1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் விழுந்தது. புலி லண்டனுக்குப் போயிற்று. 1808 முதல் லெடன்ஹால் தெருவில் கம்பெனியின் தலைமையகமான கிழக்கிந்திய மாளிகையில் பார்வைக்கு வைத்தார்கள். அதன் துன்பம் அங்கேதான் ஆரம்பித்தது. வந்தவர் போனவர் எல்லாரும் கைப்பிடியைச் சுற்றலாம். பக்கத்து நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் ஓலத்தையும் உறுமலையும் தாங்காமல் புகார் சொன்னார்கள். காலப்போக்கில் கைப்பிடி தொலைந்தது, உள்ளுறுப்புகள் கெட்டன. 1880 வாக்கில், இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று பெயர் பெற்றிருக்கும் இடத்துக்குப் புலி வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் கூரை இடிந்து மேலே விழ, பல துண்டுகளாக நொறுங்கியது. 1947-இல் ஒட்டிச் சேர்த்தார்கள். மரச்சுவருக்கு உள்ளே இப்போது ஏராளமான முட்டுக்கொடுப்பு. மேல்பூச்சின் பெரும்பகுதி பின்னால் தீட்டியது.

மீட்பு வேலையைப் பற்றி இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. போர் ஓரிரவில் உடைத்தது கண்ணுக்குத் தெரிந்தது, அதை ஒட்டிவிட்டார்கள். ஆயிரம் கைகள் பல பத்தாண்டுகள் சுற்றிச் சுற்றித் தேய்த்ததும், ஆளாளுக்குத் திருத்தியதும் அப்படி மீளாது. புலி இன்று எழுப்பும் ஒலி திப்பு கேட்ட ஒலிதான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஹைதராபாத்தில். சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் இசைக் கடிகாரம் கல்கத்தாவின் குக் அண்ட் கெல்வி நிறுவனத்தின் தயாரிப்பு. உள்ளே 350-க்கும் மேற்பட்ட பாகங்கள். மணி அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது தாடிக்கார பொம்மை ஒன்று கதவைத் திறந்து வெளியே வரும். எத்தனை மணியோ அத்தனை தடவை அடிக்கும். மூன்று நிமிடம் கழித்து உள்ளே போய்விடும். பன்னிரண்டு மணிக்குக் கடிகாரம் இருக்கும் முற்றம் நிரம்பி வழியும். நூறாண்டைத் தாண்டிய பொறி அது. பொதுமக்கள் கை அதில் படுவதில்லை, பராமரிப்பு தவறுவதில்லை. ஓடாமல் பூட்டி வைத்த பொறி இறுகிப்போகும், எல்லாரும் ஓட்டிய பொறி தேய்ந்துபோகும். பழகிய ஒரே கை, முறை தவறாமல், மென்மையாக ஓட்டும் பொறிதான் பிழைத்துக் கிடக்கும். வீட்டு இசைப்பெட்டிக்கும் இதே கணக்குத்தான்.

இந்தக் கணக்கில் பார்த்தால் மலை வாசஸ்தலம் போல இசைப்பெட்டிக்கு ஆகாத இடம் அரிது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் ஊர். மார்கழி முழுக்கப் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். இங்குள்ள வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, கோடைவிழாவுக்கும் விடுமுறைக்கும் மட்டும் திறப்பவை. ஆறேழு மாத ஈரத்தில் அசையாமல் இருந்த பெட்டியை, மே மாதம் வீட்டைத் திறந்த அன்றே பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சாவி கொடுப்பது அதற்குச் செய்யக்கூடிய கொடுமைகளில் முதன்மையானது.

ஈரம் ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு விதமாகத் தின்னும். சீப்பு எஃகு என்பதால் துரு முதலில் பல்லின் நுனியில் பிடிக்கும். நுனி மெலிந்தால் சுருதி மாறும். தாழ்ந்த சுருதிப் பற்களின் அடியில் எடைக்காக ஈயக் கட்டிகளை ஒட்டியிருப்பார்கள். ஈரமும், பெட்டியின் மரத்திலிருந்து கசியும் அமில ஆவியும் சேர்ந்தால் ஈயம் வெளுத்துப் பொரிந்து உப்பும். உப்பிய கட்டி பக்கத்துப் பல்லை நெருக்கும். தாழ்சுருதிப் பற்களில் மெல்லிய கம்பியும் உயர்சுருதிப் பற்களில் கோழி இறகின் துணுக்கும் ஒலித்தடையாக இருக்கும். முள் பல்லைத் தொடும் கணத்தில் பழைய அதிர்வை அமர்த்துவது இவற்றின் வேலை. இறகைப் பூச்சி தின்னும், கம்பியைத் துரு முறிக்கும். தடை போன பெட்டி பாடும்போது கீச்சென்று ஓர் எரிச்சல் ஒலி கூடவே வரும். பெட்டி கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டுவது இந்தக் கீச்சொலியைக் கேட்டுத்தான். உண்மையில் அது எளிதாகத் தீரும் நோய்.

வெயில் வேறு விதமாகக் கெடுக்கும். உருளைக்குள் ஊற்றிய குங்கிலியக் கலவை சூட்டில் இளகக்கூடியது. ஏற்காட்டிலிருந்து பெட்டியைச் சேலத்துக்குப் பழுதுபார்க்கக் கொண்டுபோகிறவர், சித்திரை வெயிலில் கார் டிக்கியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், கலவை இளகி ஒரு பக்கமாக இறங்கிவிடும். பிறகு உருளை சமமாகச் சுற்றாது. முட்களின் பிடியும் தளரும். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் பெட்டிக்கு நல்லதல்ல. பாட்டின் நடுவில் நின்ற பெட்டியில் முட்கள் பற்களைத் தூக்கிப் பிடித்த நிலையிலேயே இருக்கும். அந்த நிலையில் ஒரு குலுக்கல் விழுந்தால் பல் முறியும். பாட்டு முடிந்து உருளை தானாக நிற்கும் இடத்தில் மட்டுமே பெட்டியை நிறுத்த வேண்டும், அங்கே நின்றால்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

மீட்பு வேலையின் முதல் விதி, பெட்டி ஓடவில்லை என்றால் ஸ்பிரிங் காலி என்று நினைக்கக் கூடாது என்பது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தவறுவது இங்கேதான். பழைய எண்ணெய் பிசினாகி விசிறியின் அச்சைப் பிடித்துக்கொண்டதால் நின்ற பெட்டியில் ஸ்பிரிங் முழுதாக முறுக்கியபடியே இருக்கும், ஐம்பது வருடமாகக்கூட. பழுது விசிறியில் என்று தெரிந்து அதைக் கழற்றினால் அடக்குவாரில்லாத ஸ்பிரிங் ஒரே மூச்சில் அவிழும். ஒரு நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டிய உருளை கண் இமைக்கும் நேரத்தில் பல சுற்றுச் சுற்றும். முட்கள் வரிசை வரிசையாகச் சாயும், பற்கள் முறிந்து பறக்கும். கடிகாரம் நன்றாகப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடமும் இந்த விபத்து நேர்கிறது. சாதாரணக் கடிகாரத்தில் ஸ்பிரிங் திடீரென்று அவிழ்ந்தால் பெரும்பாலும் ஒரு சக்கரத்தோடு போகும். இசைப்பெட்டியில் உருளையும் சீப்பும் இரண்டுமே போய்விடும். பெட்டியின் மதிப்பு முழுவதும் அந்த இரண்டில்தான்.

ஆகவே வரிசை இது. முதலில் எல்லாக் கோணத்திலும் புகைப்படம். மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் பாட்டுப் பட்டியல் காகிதத்தை ஈரத்துணியால் தொடாமல் அப்படியே விட வேண்டும். பெட்டியின் ஊரும் வரிசை எண்ணும் பலசமயம் அதிலிருந்துதான் தெரியவரும். முட்கள் பற்களைத் தூக்காத நிலையில் உருளை நிற்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்த்து, நின்றால் சீப்பைத் திருகு திருகாகக் கழற்றிப் பஞ்சில் வைத்துவிட வேண்டும். சீப்பு வெளியே இருந்தால், அடுத்து எது நடந்தாலும் பற்கள் பிழைக்கும். பிறகு ஸ்பிரிங்கின் இறுக்கத்தைப் பல் பல்லாக, கையில் பிடித்தபடியே இறக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் விசிறி. முட்கள் பற்களைத் தூக்கிய நிலையிலேயே உருளை நின்றிருந்தால் வீட்டு மேஜையில் வேலையை ஆரம்பிக்கவே கூடாது.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளின் பழக்கம் பொல்லாதது. கையில் கிடைக்கும் தேங்காய் எண்ணெயை விடுவது வழக்கம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். ஏற்காட்டின் மார்கழி இரவில் விசிறியின் அச்சில் அது மெழுகாகி நிற்கும், கோடையில் உருகி, நாளடைவில் பிசினாகும். விளக்கெண்ணெய் இன்னும் மோசம். கடிகாரத்துக்கென்று விற்கும் எண்ணெயில் ஊசிமுனை அளவு, அச்சு முனைகளுக்கு மட்டும் போதும். சீப்பின் பற்களில் எந்த எண்ணெயும் படக்கூடாது. துருநீக்கும் ஸ்பிரே அறவே கூடாது.

முறிந்த பல்லைத் திரும்ப வைப்பது நுட்பமான வேலை. சீப்பின் அடிப்பகுதியில் ஒடுக்கமாக வாய் வெட்டி, புதிய எஃகுத் துண்டைப் பற்றவைத்து, பக்கத்துப் பல்லின் கனத்துக்கு அரம் போட்டுக் கொண்டுவந்து, அடியில் ஈயம் சேர்த்தோ குறைத்தோ சுருதி கூட்ட வேண்டும். பற்றவைக்கும் சூடு அதிகமானால் சுற்றியுள்ள பற்களும் தம் பதத்தை இழந்துவிடும். சாய்ந்த முட்களை நிமிர்த்துவதற்கு முள்ளின் மேல் சரியாகப் பொருந்தும் மெல்லிய குழாய்க் கருவி உண்டு. முழுவதும் தேய்ந்த உருளைக்குப் புது முள் செருகுவது இன்னும் பெரிய வேலை. பழைய கலவையை உருக்கி எடுத்து, எஃகு முட்களை அமிலத்தில் கரைத்து, ஆயிரக்கணக்கான துளைகளிலும் புதிதாகச் செருகி, மறுபடி கலவை ஊற்றி, எல்லா முட்களையும் ஒரே உயரத்துக்குச் சாணை பிடிக்க வேண்டும். உலகத்திலேயே இதைச் செய்பவர்கள் மிகச் சிலர். முட்களின் தேய்மானம் காதுக்குத் தெரியாத அளவில் இருக்கும்போது உருளையைத் தொடாமல் விடுவதே மரியாதை.

மரப்பெட்டியைச் சீராக்க வேண்டிய பொருள்கள் எல்லாம் நம் தச்சர்களுக்குப் பழக்கமானவை. பழைய பெட்டிகளின் பளபளப்பு அரக்கு மெருகு. அந்த அரக்கில் பெரும்பங்கு இந்தியக் காடுகளிலிருந்து கப்பலேறிப் போனது. இன்றைய பிளாஸ்டிக் வகை வார்னிஷை அதன்மேல் பூசினால் திரும்ப எடுக்க முடியாது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கே போதும், அதுவே சரி. மூட்டுகள் விட்டிருந்தால் வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்ட வேண்டும். வஜ்ஜிரத்தின் அருமை, நாளைக்கு வேறொருவர் வந்து வெந்நீர் ஈரத்தில் அதை இளக்கி மூட்டைப் பிரிக்க முடியும் என்பது. வெள்ளைப் பசையில் ஒட்டிய மூட்டை உடைத்துத்தான் பிரிக்க வேண்டும். செய்ததைத் திரும்ப அவிழ்க்க வழி இருக்க வேண்டும் என்ற இந்த ஒரு நெறியைப் பிடித்துக்கொண்டால் பாதித் தவறுகள் நேராது. தந்த வேலைப்பாட்டில் குறை இருந்தால் புதுத் தந்தம் தேடக்கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தந்த வியாபாரத்தைத் தடுக்கிறது. எலும்பைச் செதுக்கி வைத்தாலே போதுமானது.

பொறியைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு காலத்தில் சென்னைதான் திசை. மவுண்ட் ரோட்டில் பி. ஓர் அண்ட் சன்ஸ் கடிகாரங்களுக்கு இருந்தது. 1842-இல் மிஸ்குவித் கம்பெனியாகத் தொடங்கி, இன்று மியூசி மியூசிகல் என்ற பெயரில் இருக்கும் கடை பியானோக்களுக்கும் ஆர்கன்களுக்கும் இருந்தது. பழையன எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் மூர் மார்க்கெட். 1985-இல் அது தீயில் அழிந்தபோது கிராமபோன், இசைத்தட்டு, கைக்கடிகாரம் தேடுவோருக்கு ஓர் உலகமே போயிற்று. இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த சுவர்க் கடிகாரங்களும் பெட்டிகளும் கிடைக்கின்றன. வாங்குகிறவர் ஏமாறுவது கிராமபோனில்தான். பளபளக்கும் பெரிய பித்தளைக் குழலும், புது மரப்பெட்டியும், பழைய போர்ட்டபிள் ஒன்றிலிருந்து பிடுங்கிய மோட்டாரும், நாய் படம் போட்ட முத்திரையும் சேர்த்து ஒட்டிய பொருள் நாடெங்கும் பழம்பொருளாக விலைபோகிறது. குழலின் பளபளப்பைப் பார்க்காமல், திருகுகளின் தலையில் தேய்மானம் இருக்கிறதா, பெட்டியின் அடிமரம் பழையதா என்று பார்த்தால் பொய் வெளிப்படும்.

நூறு ஆண்டைக் கடந்த கலைப்பொருளும் கைவினைப் பொருளும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டு உறவினருக்குப் பாட்டியின் பெட்டியை அன்பளிப்பாக அனுப்ப நினைப்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பொருளோடு அதன் கதையையும் சேர்த்து வைப்பதற்கு ஏற்காட்டிலேயே முன்னோடி ஒருவர் இருந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், பணி ஓய்வுக்குப் பின் வாழ்ந்தது இந்த மலையில்தான். ஹோலி டிரினிடி தேவாலய வளாகத்தில் அவர் நினைவுக் கல் இருக்கிறது. அவர் சேகரிப்பை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அந்தச் சேகரிப்பை இன்றும் ஆராய்ச்சிக்குப் பயன்படச் செய்வது கற்கள் மட்டுமல்ல. ஒவ்வொரு கல்லும் எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் எழுதி வைத்த குறிப்பும்தான். இசைப்பெட்டியும் அப்படித்தான். யார் வீட்டில் இருந்தது, எந்த ஆண்டு யார் பழுதுபார்த்தார், எந்தப் பல் புதியது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் வைத்தால், ஐம்பது வருடம் கழித்துத் திறப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஃபூட்டின் கவனம் வேண்டியிருக்கிற இன்னொரு பொருள் இந்த வட்டாரத் திருவிழாக்களிலேயே இருக்கிறது. சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா போன்ற கூட்டங்களில் ராட்டினம் இல்லாமல் குழந்தைகள் வீடு திரும்புவதில்லை. இப்போது சுற்றுபவை பெரும்பாலும் இரும்பில், மோட்டாரில். அதற்கு முன்னிருந்தவை மரத்தில். நான்கு பெட்டிகள் தொங்கும் தொட்டில் ராட்டினம். குதிரையும் யானையும் செதுக்கிய குடை ராட்டினம். இரண்டையும் சுற்றியது ராட்டினக்காரரின் கைதான். கண்ணை வைத்துப் பார்க்கும் பயாஸ்கோப் பெட்டியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சுவிட்சர்லாந்து உருளையைப் பாதுகாக்க உலகெங்கும் சங்கங்களும் அருங்காட்சியகங்களும் உண்டு. மர ராட்டினத்துக்கு அப்படி யாரும் இல்லை. உடைந்தால் அது அடுப்புக்குப் போகிறது. இசைப்பெட்டியைவிட அவசரமாகக் காப்பாற்ற வேண்டியது இதுதான்.

அடுத்த திருவிழாவில் கையால் சுற்றும் மர ராட்டினம் கண்ணில் பட்டால், ஏறிச் சுற்றிவிட்டு, இறங்கியதும் ராட்டினக்காரரிடம் நாலு வார்த்தை பேசுங்கள். அச்சு என்ன மரம், செய்த தச்சர் எந்த ஊர், எத்தனை வருடமாக ஓடுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அச்சும் பெட்டியும் மாட்டும் இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். அவர் அதை விற்கும் நாள் வந்தால், விறகுக்கடைக்கு முன்னால் பக்கத்து அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள்.